காயும்வரை கை வைக்காதே

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மெர்சிங் கடலில் ஒரு படகு மூழ்கியது. மூழ்கடித்தது நான்தான்.

பதறாதீர்கள்... உயிர்ச்சேதம் ஏதுமில்லை. அந்த மெர்சிங், கெலாங் பாத்தாவில் என் வீட்டுச் சாப்பாட்டு மேசைமேல் இருந்தது. அட்டைபோலத் தடித்த ஒரு காகிதம். அதில் நான் வரைந்த கடல், தூரத்தில் ஒரு தீவு, முன்னால் ஒரு மீன்பிடிப் படகு. எல்லாம் ஒழுங்காகத்தான் இருந்தது. கொஞ்ச நேரத்தில் வானம் இறங்கித் தீவுக்குள் வந்தது. தீவு கரைந்து கடலுக்குள் போனது. கடல் படகை விழுங்கியது. கடைசியில் மிஞ்சியது என்ன? பாத்திரம் கழுவிய தண்ணீர் நிறத்தில் ஒரு குளம்!

"என்னம்மா இது?" என்றாள் என் மகள் தர்ஷினி.

"வெள்ளம்," என்றேன். "கோத்தா திங்கியில வராததா?"

சிரிப்பாள் என்று நினைத்தேன். அழுதுவிட்டாள்.

ஒரு பாழாய்ப்போன படத்துக்கு யாராவது அழுவார்களா? அழுவார்கள். அந்தப் படத்தை வரையச் சொல்லிப் பெட்டி அனுப்புகிறவளே அவள்தான் என்றால், அழத்தான் செய்வாள்.

வாராவாரம் இந்தப் பக்கத்தைப் புரட்டுகிறவர்களுக்குத் தர்ஷினியைத் தெரியும். புதிதாக வந்தவர்களுக்காகச் சொல்கிறேன். எனக்கு ஒரே மகள். சிங்கப்பூரில் ஒரு கண்ணாடிக் கட்டடத்தில், கழுத்தில் அட்டை தொங்கவிட்டுக்கொண்டு போகிற வேலை. எங்களுக்கும் சிங்கப்பூருக்கும் நடுவில் இருக்கிற இரண்டாவது பாலத்தைத் தாண்டித் தினமும் பஸ்ஸில் போய் வருவாள். எங்கள் ஜொகூரில் பிள்ளைக்கு சிங்கப்பூர் வேலை என்றால் பெற்றவர்கள் எப்படி நடப்போம் என்று உங்களுக்குத் தெரியாதா? கல்யாண வீடுகளில் கேட்காமலே முன்வரிசை நாற்காலி கிடைக்கும். நானும் அதில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்தவள்தான்.

அந்த வேலையை இந்த வருட நடுவில் விட்டுவிட்டாள்.

எதற்கு? மாதாமாதம் வண்ணப் பெட்டி அனுப்புவதற்கு. 'சப்ஸ்கிரிப்ஷன் பாக்ஸ்' என்கிறார்கள். வீட்டுக்குப் பேப்பர் போடச் சொல்லி வைப்போமே, அந்த மாதிரி. பதிவு செய்தவர்கள் வீட்டுக்கு மாதம் ஒரு பெட்டி கூரியரில் போகும். உள்ளே சின்னச் சின்னக் கட்டிகளாக வாட்டர்கலர், ஒரு தூரிகை, நல்ல காகிதம், படிப்படியாகச் சொல்லித் தரும் ஓர் அட்டை. அந்த மாதம் எந்தப் படமோ அதற்கு வேண்டிய நிறங்கள் மட்டும் இருக்கும். வரைய ஆசை இருக்கிறது, கடை கடையாக அலைய நேரமில்லை என்கிற ஆட்களுக்கு. அவள் மாடி அறை முழுக்க அட்டைப் பெட்டிகள். அதன் நடுவில் ஒரு கட்டில். கட்டில்மேலும் அட்டைப் பெட்டிகள்.

என் வீட்டுக்காரர் மோகன் இந்தச் செய்தியைக் கேட்டதும், "ஓ," என்றார்.

அவ்வளவுதான். ஒரே ஓர் "ஓ". எங்கள் வீட்டில் அதற்கு என்ன அர்த்தம் என்று பூனைக்குக்கூடத் தெரியும். மனிதர் பாலத்துக்கு அந்தப் பக்கம், சிங்கப்பூர் துவாஸில் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்க்கிறார். தர்ஷினி பிறப்பதற்கு முன்பிருந்தே. விடிவதற்குள் மோட்டார்சைக்கிளைக் கிளப்பிக்கொண்டு போய்ப் பாலத்தில் பாஸ்போர்ட் வரிசையில் நின்று, இருட்டிய பிறகு மறுபடியும் வரிசையில் நின்று, வீட்டுக்கு வருவார். அந்த உழைப்பில்தான் அவள் படித்தாள். அந்தப் படிப்பில்தான் அந்தக் கண்ணாடிக் கட்டடம். அதை விட்டுவிட்டாள் என்றால்... "ஓ" என்றதோடு நிறுத்தினாரே, அதுவே பெரிது.

ஆனால் ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும், சாப்பாட்டுக்கு நடுவில், தட்டைப் பார்த்தபடியே ஒரு கேள்வி வரும்.

"ஆபீஸ்லேருந்து கூப்புட்டாங்களா?"

என் அண்ணன் இவ்வளவு நாசூக்கு இல்லை. ஃபோனில் கூப்பிட்டு, "என்னா விஜி, சிங்கப்பூர் வேலய விட்டுட்டு ஒம் பொண்ணு பெயிண்ட் விக்கிறாளாமே? வீட்டுக்கு அடிக்கிறதா, கேட்டுக்கு அடிக்கிறதா?" என்றான். பட்டென்று ஃபோனை வைத்துவிட்டேன். வைத்த பிறகுதான் நல்ல நல்ல பதிலெல்லாம் வந்தது. உங்களுக்கும் அப்படித்தானே?

முதல் மூன்று நான்கு மாதம் நன்றாகத்தான் போயிற்று. அப்புறம் மழைக்காலம் பிறந்தது. கூடவே புகாரும் பிறந்தது.

"உங்க பேப்பர் மட்டம்." "கலர் ஓடுது." "அட்டையில உள்ளபடிதான் செஞ்சேன், சேறு மாதிரி வருது." மெர்சிங்கிலிருந்து ஒரு டீச்சர் குரல் பதிவே அனுப்பியிருந்தார். "நான் பொறந்து வளந்த ஊரும்மா இது. எங்க கடலையே எனக்கு வரைய வரலன்னா எப்படி? அடுத்த மாசம் பெட்டி வேணாம்மா, கோச்சுக்காத." கோபமாகத் திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருக்கலாம். அவர் பாவமாகச் சொன்னதுதான் தர்ஷினியைப் பிடித்து உலுக்கிவிட்டது.

சரியாக அந்த வாரத்தில்தான் பழைய ஆபீஸிலிருந்து அழைப்பு வந்தது. ஓர் இடம் காலியாகிறது, வருகிறாயா, மாதக் கடைசிக்குள் சொல். அதே கண்ணாடிக் கட்டடம், அதே கழுத்து அட்டை.

"ஓ," என்றார் மோகன். இந்த "ஓ" வேறு ராகம்.

தர்ஷினி மாடிக்குப் போய்விட்டாள். பெட்டி கட்டுகிற டேப்பை இழுக்கிற சத்தம் மட்டும் மாடியிலிருந்து வந்துகொண்டிருந்தது. எனக்குத்தான் பொறுக்கவில்லை. மேலே ஏறிப்போய், "ஒரு பெட்டியக் குடு, நான் செஞ்சு பாக்கறேன்," என்றேன்.

"நீங்களா?"

"ஏன்? ஒன்னுமே தெரியாதவங்களுக்குத்தானே இந்த பாக்ஸ்? என்னவிட ஒன்னும் தெரியாதவ இந்த கெலாங் பாத்தாவுல யாரு இருக்கா?"

மறுக்க முடியாத வாதம். பெட்டி என் கைக்கு வந்தது.

பெட்டியைப் பற்றி உண்மையைச் சொல்லிவிட வேண்டும். என் மகள் செய்தது என்பதற்காகச் சொல்லவில்லை... சரி, அதற்காகவும்தான் சொல்கிறேன்! திறந்ததுமே மனசு நிறைந்துவிட்டது. மெல்லிய தாளில் சுற்றிய வண்ணக் கட்டிகள், ஒவ்வொன்றிலும் அவள் கையெழுத்தில் பெயர். தூரிகையின் நுனி கலையாமல் இருக்கச் சின்னதாக ஒரு குழாய். காகிதத்தை மேசையில் ஒட்ட டேப், அதுவும் அளவாக வெட்டிச் சுற்றி வைத்திருந்தாள். டேப்பைக்கூட வெட்டி அனுப்புகிற வியாபாரி உலகத்தில் உண்டா? சின்ன வயதில் எழுதி முடித்த பேனாவை மூடி வைக்காதவள் இவள்!

ஆனால் முதல் சந்தேகமும் உடனே வந்தது.

"வெள்ள எங்கடி?"

"வெள்ள கெடையாதும்மா."

"வெள்ள இல்லாம எப்படி? நாங்க கோலம் போட்டா வெள்ளையிலதான் ஆரம்பிப்போம்."

"இதுல வெள்ளன்னா பேப்பர்தான். எங்க வெள்ள வேணுமோ அங்க கை வைக்காம விட்டுடணும்."

கை வைக்காமல் விடுவதா? நானா? அடுப்பில் இருக்கும் பாலையும் அடுத்தவர் பேச்சையும் நான் இதுவரை சும்மா விட்டதில்லை. என் பொறுமையைப் பற்றி இந்தப் பத்தியின் பழைய வாசகர்களைக் கேட்டால் கதை கதையாகச் சொல்வார்கள். கேக் வெந்துவிட்டதா என்று ஆறு முறை அடுப்பைத் திறந்து பார்த்து, அதைத் தோசையாக்கிப் பரிமாறியவள் நான்.

அட்டையில் போட்டிருந்தது எளிமையாகத்தான் இருந்தது. முதலில் வானமும் கடலும் ஒரே பூச்சு. ஐந்து நிமிடம் காயவிடவும். பிறகு தீவு. ஐந்து நிமிடம் காயவிடவும். பிறகு படகு.

பூசினேன். ஆஹா, அந்தக் கணம்! ஈரத்தில் நீலம் தானாகப் பரவிப் போகிறதே, அதைப் பார்க்கும்போது நமக்கே ஏதோ பெரிய ஆள் ஆகிவிட்ட மாதிரி ஒரு மிதப்பு. ஐந்து நிமிடம் ஆயிற்று. காய்ந்ததா? விரலை வைத்துப் பார்த்தேன். காயவில்லை. மெர்சிங் வானத்தில் என் கட்டைவிரல் ரேகை... ஐ.சி. அடையாள அட்டை எடுக்கிற இடத்தில் வைத்த மாதிரி அச்சாகப் பதிந்துவிட்டது. சரி, மேகம் என்று சொல்லிக்கொள்ளலாம். இன்னும் கொஞ்ச நேரம் பார்த்தேன். மறுபடி தொட்டேன். இன்னொரு மேகம்! அட்டையில் ஐந்து நிமிடம் என்றுதானே போட்டிருக்கிறது, இது போதும் என்று தீவைப் போட்டேன். படகைப் போட்டேன். மீதிக் கதைதான் உங்களுக்குத் தெரியுமே.

அப்போதுதான் அவள் அழுதாள்.

"நீங்களும் அதேதாம்மா. எல்லாரும் இதத்தான் சொல்றாங்க. எனக்கு நல்லா வருது, இத்தன பேருக்கு வரல. அப்ப தப்பு எங்கிட்டத்தானே? பேப்பர் சரியில்ல. நான் ஆபீஸுக்கு சரின்னு சொல்லிடறேன்."

என் மகளை அழவைத்த காகிதத்தை நான் சும்மா விடுவேனா? இரண்டு நாள் கழித்து, அவள் கூரியர் கடைக்குப் போன நேரம் பார்த்து இன்னொரு தாளை எடுத்தேன். இந்த முறை காய வைக்க என்னிடம் ஒரு வித்தை இருந்தது. மலேசியாவில் பிள்ளை வளர்த்த எந்த அம்மாவுக்கும் தெரிந்த வித்தை. மழைக்காலத்தில் துவைத்த பள்ளிக்கூடக் கான்வாஸ் சப்பாத்து காயாவிட்டால் என்ன செய்வோம்? ஃப்ரிட்ஜுக்குப் பின்னால் வைப்போம்! அங்கே எப்போதும் ஒரு சூடு வரும். தர்ஷினியின் வெள்ளைச் சப்பாத்து ஆறு வருடம் அங்கேதான் காய்ந்தது. சப்பாத்தே காயும்போது சமுத்திரம் காயாதா?

வானத்தைப் பூசிக் கொண்டுபோய்ச் சாய்த்து வைத்தேன்.

காய்ந்தது. அதை மறுப்பதற்கில்லை. ஆனால் சாய்த்து வைத்ததில் நீலமெல்லாம் வழிந்து ஒரு மூலையில் போய்த் தேங்கிவிட்டது. காகிதம் எண்ணெயில் போட்ட அப்பளம்போலச் சுருண்டிருந்தது. கூடவே வானம் முழுக்க ஒரு சிலந்தி வலை. ஃப்ரிட்ஜுக்குப் பின்னால் நான் கடைசியாக எப்போது கூட்டினேன் என்பதை இந்தப் பத்தியில் வெளியிட விருப்பமில்லை.

ஒளித்து வைப்பதற்குள் அவள் வந்துவிட்டாள். அப்பளத்தைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். இந்த முறை அழவில்லை, அதுதான் எனக்குக் கலக்கமாக இருந்தது.

"விடுங்கம்மா," என்றாள். "திங்கக்கெழமை காலையில பதில் அனுப்பிடறேன். அப்பாவுக்கும் நிம்மதியா இருக்கும்."

இடையில் இருந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை.

அன்று காலையிலிருந்தே மழை. மோகனுக்கு வாரத்தில் அந்த ஒரு நாள்தான் லீவு. அதிலும் பாதி நாள் போர்ச்சில் மோட்டாரைத் துடைப்பதில் போகும். மத்தியானம் சாப்பிட உள்ளே வந்தவர், மேசை ஓரத்தில் கிடந்த என் அப்பளத்தைக் கையில் எடுத்தார்.

"இதுக்காகத்தான் புள்ள அழுவுதா?"

"ஆமா."

"ஒரு பேப்பர் குடு."

எனக்குச் சுருக்கென்றது. செய்து பார்த்துவிட்டு, 'பாத்தியா, இது ஆவாது' என்று சொல்லப் போகிறார் என்றுதான் நினைத்தேன். இருந்தாலும் கொடுத்தேன். மனிதர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அட்டையை ஒரு வரி விடாமல் உதட்டை அசைத்துப் படித்தார். பெட்ரோல் டாங்க்கைத் துடைக்கிற அதே நிதானத்தில் வானத்தைப் பூசினார். தூரிகையைக் கழுவி வைத்தார். எழுந்துவிட்டார்.

"எங்க போறீங்க?"

"காயணும்ல?"

"அஞ்சு நிமிஷந்தான் போட்டிருக்கு."

"வெளிய பாரு விஜி, எப்படி ஊத்துது. அஞ்சு நிமிஷத்துல என்னா காயும்?"

போர்ச்சுக்குப் போய்ச் சங்கிலிக்கு எண்ணெய் போட ஆரம்பித்தார். எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. மெதுவாக மேசைப் பக்கம் போனேன். விரலை நீட்டினேன்.

"தொடாத!" போர்ச்சிலிருந்து குரல். முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்த மனிதருக்கு எப்படித் தெரிந்தது? கல்யாணமாகி இத்தனை வருடம் ஆகிவிட்டதே, தெரியாமலா இருக்கும்.

அப்புறம் வந்தார். காகிதத்தைத் தொடவில்லை. குனிந்து, கன்னம் மேசையில் படுகிற அளவுக்குத் தலையைச் சாய்த்து, பக்கவாட்டில் பார்த்தார்.

"இன்னும் மின்னுது," என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் போனார்.

"என்னா மின்னுது?"

"ஈரம். மழ விட்டப்புறம் ரோடு காஞ்சிருச்சான்னு எறங்கித் தொட்டா பாப்பாங்க? தூரத்துலேருந்து பாத்தா மின்னும். மின்னுச்சுன்னா பிரேக் புடிக்கக் கூடாது."

இப்படியே போனார், வந்தார். தேநீர் குடித்தார். பேப்பர் படித்தார். மழையைப் பார்த்துக்கொண்டு சும்மா உட்கார்ந்தார். வானம் காய்ந்ததும் தீவைப் போட்டார். மறுபடி எழுந்துவிட்டார். எனக்கோ தலை வெடித்துவிடும்போல இருந்தது.

"உங்களுக்கு எங்கேருந்துங்க வந்துச்சு இவ்ளோ பொறும?" என்று கேட்டேவிட்டேன்.

என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

"தெனமும் நான் எங்க நிக்கறேன்னு நெனக்கிற?"

மேசையை விட்டுத் தள்ளிப் போய் உட்கார்ந்தேன்.

தினமும் ராத்திரி அவர் வந்ததும் கேட்பேன். "ஜாமா?" என்று. "கொஞ்சம்," என்பார். அதற்குமேல் நானும் கேட்டதில்லை, அவரும் சொன்னதில்லை. அன்றைக்குத்தான் யோசித்துப் பார்த்தேன். மழைக்கோட்டுக்குள் வேர்த்துக்கொண்டு, பாஸ்போர்ட்டைப் பிளாஸ்டிக் பையில் சுற்றி நெஞ்சோடு வைத்துக்கொண்டு, முன்னால் நிற்கிறவனின் புகையைக் குடித்துக்கொண்டு, ஒரு காலை ஊன்றி, கொஞ்சம் நகர்ந்து, மறுபடி ஊன்றி... போகும்போதும் வரும்போதும். இப்படி ஒரு மனிதர் தன் வாழ்க்கையில் எவ்வளவை வரிசையில் நின்றே கழித்திருப்பார்? கணக்குப் போட எனக்குத் தைரியம் வரவில்லை.

"ஜாம்ல முண்டினா என்னா ஆவும்?" அவர் தன்பாட்டுக்குச் சொல்லிக்கொண்டிருந்தார். "பக்கத்து மோட்டார்ல போயி இடிக்கும். இதுவும் அதேதான். மேல பூசுனது காயறதுக்குள்ள அடுத்தது முண்டுது, ரெண்டும் இடிச்சுக்குது. சபார் வேணும்லா."

சபார். பொறுமைக்கு மலாய்க்காரர்கள் சொல்கிற சொல். வரிசையில் நிற்கிறவர்கள் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்கிற சொல்லும் அதுதானாம்.

விளக்குப் போடுகிற நேரத்துக்குப் படகு மிதந்தது. உண்மையாகவே மிதந்தது! தீவின் விளிம்பு கத்தியால் வெட்டிய மாதிரி. வானம் ஒரே சீராக, ஒரு திட்டு இல்லாமல், விரல் ரேகை இல்லாமல். அலையின் நுனியில் கை வைக்காமல் விட்டிருந்த வெள்ளை, வெளிச்சமாக நின்றது. எனக்கு நம்பவே முடியவில்லை. என் வீட்டுக்காரரா? வீட்டு விலாசத்துக்கு வழி வரைந்து கொடுக்கச் சொன்னால் கோட்டையே கோணலாகப் போடுகிற மனிதர்!

"தர்ஷினீ!" என்று நான் போட்ட சத்தத்தில் அவள் படியில் தடதடவென்று இறங்கி வந்தாள்.

"யாரும்மா வரைஞ்சது?"

"ஒங்கப்பா."

காகிதத்தைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "நம்ம பேப்பரா? நம்ம கலரா?"

"வேற யாரு வூட்டுதும்மா?" என்றார் மோகன்.

"எங்க வெச்சு வரைஞ்சீங்கப்பா?"

"இங்கதான்."

"எவ்ளோ நேரமாச்சு?"

"மத்தியானம் ஆரம்பிச்சேன். அஞ்சு நிமிஷத்துல காயும்னு போட்டிருக்கியே, யாரு சொன்னா ஒனக்கு?"

"எனக்குக் காயுதேப்பா. என் ரூம்ல ஏசி போட்டு..." என்றவள் அப்படியே நின்றாள்.

கையில் இருந்த ஃபோனை எடுத்துப் புகார் அனுப்பியவர்களின் ஊர்களைப் பார்த்தாள். மெர்சிங். கோத்தா திங்கி. மறுபடி மெர்சிங். மழை அடிக்கிற ஊர்கள், ஜன்னல் திறந்த வீடுகள், மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து வரைகிறவர்கள். நன்றாக வந்தது என்று படம் போட்டுக் காட்டியவர்கள் யார்? எல்லாரும் ஜொகூர் பாருவில் ஏசி ஓடுகிற கொண்டோமினியவாசிகள்!

"அலமாக்!" என்று தலையில் கை வைத்துக்கொண்டாள். "பேப்பர் இல்லம்மா. மழ!"

சிரித்தாள். எத்தனையோ வாரங்களுக்குப் பிறகு சிரித்தாள். அப்புறம் அந்தச் சிரிப்பு மெல்ல இறங்கிவிட்டது. அப்பாவைப் பார்த்தாள்.

"ப்பா... நாளைக்கி ஆபீஸுக்குப் பதில் சொல்லணும்."

மோகன் தூரிகையைக் கழுவிக்கொண்டிருந்தார். கழுவி முடித்து, நுனியை விரலால் கூர்மையாக்கி, அவள் அனுப்பிய அந்தச் சின்னக் குழாயில் செருகினார்.

"நீ வேலய வுட்டப்ப எனக்குக் கோவம்னு நெனச்சீங்க ரெண்டு பேரும்," என்றார். "கோவம் இல்லம்மா. பயம். எனக்கு அந்தப் பாலத்த வுட்டா வேற வழி தெரியாது. ஒனக்கும் அதுதான் வழின்னு நெனச்சுட்டேன்."

"இப்ப?"

"இத்தன வருஷம் நான் வரிசையில நின்னது எதுக்கு? நீயும் வந்து எம் பின்னால நிக்கவா?"

தர்ஷினி அவர் தோளில் முகத்தை வைத்து அழ ஆரம்பித்தாள். நான் மட்டும் சும்மா இருப்பேனா? மேசையைப் பிடித்துக்கொண்டு நானும் ஆரம்பித்தேன். மோகன்தான் பதறிப்போனார்.

"பேப்பர்ல வுழுந்துடப் போவுது, தள்ளி நின்னு அழுவுங்க ரெண்டு பேரும்!"

திங்கட்கிழமை காலையில் பதில் போனது. 'வரவில்லை, நன்றி' என்று. அனுப்புகிற பொத்தானை அழுத்திவிட்டு ஃபோனைக் கவிழ்த்து வைத்தாள். எனக்கு வருத்தமே இல்லை என்று சொன்னால் நம்புவீர்களா? கல்யாண வீட்டு முன்வரிசை நாற்காலி கண்ணில் வந்து போனது. போகட்டும். பின்வரிசையில் மின்விசிறிக் காற்று நன்றாக வரும்.

அந்த வாரமே புது அட்டை அச்சானது. ஐந்து நிமிடமெல்லாம் போயே போச்சு. இப்போது இப்படி இருக்கிறது: 'மழை நாளா? ஏசி இல்லையா? அவசரமே இல்லை. பூசியதும் எழுந்துபோய் வேறு வேலை பாருங்கள். திரும்பி வந்து, தொடாமல், பக்கவாட்டில் குனிந்து பாருங்கள். மின்னினால் இன்னும் ஈரம். மின்னாவிட்டால் அடுத்ததைத் தொடங்கலாம்.' கீழே தனியாக ஒரே சொல்: 'சபார்லா!'

வீடியோவையும் மறுபடி எடுத்தாள். இந்த முறை மாடி அறையில் இல்லை, எங்கள் வீட்டு ஹாலில், மின்விசிறிக்குக் கீழே, வெளியே மழை கொட்டுகிற சத்தத்தோடு. நடுவில் 'காஞ்சிருச்சா?' என்று ஒரு குரல் கேட்கும். அது நான். வெட்டிவிடச் சொன்னேன். மாட்டேன் என்றுவிட்டாள்.

மெர்சிங் டீச்சருக்குப் புது அட்டையோடு ஒரு தாளும் அனுப்பி வைத்தாள். சில நாள் கழித்துக் குரல் பதிவு வந்தது. பின்னணியில் மழை. "எங்க கடல் எனக்கு வந்துருச்சும்மா! வந்துருச்சு! அடுத்த மாசப் பெட்டியையும் அனுப்பிடு, ஆமா." அதைத் தர்ஷினி எத்தனை முறை போட்டுக் கேட்டாளோ தெரியாது. நான் கேட்டதற்கும் கணக்கில்லை.

அண்ணன் கூப்பிட்டான். அவன் மருமகளுக்கு வரைவதில் ஆசையாம். பெட்டி ஒன்று கிடைக்குமா என்று இழுத்தான்.

"வீட்டுக்கு அடிக்கவா, கேட்டுக்கு அடிக்கவா?" என்று கேட்டேன். சரியான நேரத்தில் சரியான பதில் வந்தது என் வாழ்க்கையில் அன்றைக்குத்தான்.

இந்த வியாபாரம் நிலைக்குமா? தெரியாது. பெரிய கடைகள் இருக்கின்றன, வெளிநாட்டுப் பெட்டிகள் இருக்கின்றன. அடுத்த மழைக்கு வேறு என்ன புகார் வருமோ, அதுவும் தெரியாது. ஆனால் என் மகள், தான் செய்த பொருளில் பழுது வந்தபோது வாங்கியவர்மேல் பழி போடாமல், தன்மேல் போட்டுக்கொண்டு அழுது, அப்புறம் காரணம் கண்டுபிடித்துத் திருத்தி, விலகிப்போனவரைத் திரும்பக் கூப்பிட்டுச் சரியானதைக் கையில் கொடுத்தாள். இதைவிட ஒரு வியாபாரிக்கு என்ன வேண்டும்? 'என்ன இவள், இந்த வாரம் முழுக்க வீட்டுப் பெருமையே அடிக்கிறாள்' என்று நினைக்கிறீர்களா? ஆமாம், அடிக்கிறேன். சந்தையில் மீன்காரரிடம் அடித்தேன், கோயிலில் அர்ச்சனைச் சீட்டு வரிசையில் அடித்தேன், இப்போது உங்களிடம் அடிக்கிறேன். பெற்ற வயிறு, வேறு எதற்கு இருக்கிறது?

மோகனைப் பற்றி ஒன்று சொல்லாமல் விட்டால் சாப்பாடு இறங்காது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை தானாகவே மேசைக்கு வந்து உட்கார்ந்தார். "எனக்குத் தெரிஞ்ச எடம் ஒன்னுதான் இருக்கு," என்று சொல்லிவிட்டு, அந்தி சாய்வதற்குள் அதை வரைந்து முடித்தார். விடியாத நீலத்தில் இரண்டாவது பாலம். அதன்மேல் நெருக்கியடித்து நிற்கிற மோட்டார்கள். எல்லாம் முதுகுகள், ஹெல்மெட்டுகள், பின்விளக்குச் சிவப்புகள். ஒரு முகம்கூட இல்லை. அடுத்த மாதப் பெட்டியின் படம் அதுதான் என்று தர்ஷினி சொல்லிவிட்டாள்.

ஃபோனில் படம் பிடித்துக்கொண்டு போய்த் தொழிற்சாலைக் கேண்டீனில் காட்டினாராம்.

"என்னா சொன்னாங்க?" என்றேன் ஆவலாக.

"ஒன்னும் சொல்லல. ரொம்ப நேரம் பாத்துக்கிட்டே இருந்தாங்க."

சொல்லிவிட்டு மழைக்கோட்டை உதறிக் கொடியில் போட்டார். நாளைக்கும் அதைப் போட்டுக்கொண்டு போகத்தான் வேண்டும். ஆனால் அன்றைக்கு அவர் நடை வேறு மாதிரி இருந்தது. முன்வரிசை நாற்காலியே தேவைப்படாத நடை.

நான் என்ன ஆனேன் என்று கேட்கிறீர்களா? விட்டுவிடுவேனா? என் மூன்றாவது மெர்சிங் மேசைமேல் இருக்கிறது. வானம் பூசியாயிற்று, தீவும் போட்டாயிற்று. படகுக்கு முன்னால் காய வேண்டுமே, அந்த நேரத்தில்தான் உங்களுக்கு இதை எழுதிக்கொண்டிருக்கிறேன். வெளியே மழை. பக்கவாட்டில் பார்த்தேன், இன்னும் லேசாக மின்னுகிறது. காய்ந்துவிட்டதா என்று ஒரே ஒரு முறை தொட்டுப் பார்க்கலாமா என்று விரல் துறுதுறுக்கிறது...

இல்லை. தொடமாட்டேன். நான் மோகன் பெண்டாட்டி, தர்ஷினி அம்மா.